பழைய மோட்டாரின் பிறவி நிறம்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் கம்பனையும் இளங்கோவையும் பற்றிப் புலவர் பெருமக்கள் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் எம் இல்லம் தேடி வந்து, "நீங்களும் பேச வேண்டும்" என்றார். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்த யாம், இத்தகைய அவையில் என்ன பேச இயலும் என்று தயங்கினோம். "தெரிந்ததைப் பேசுங்கள், தெரியாததைப் பேசத்தான் வேறு பலர் இருக்கிறார்களே" என்றார் அவர். ஆகவே, சென்ற ஓராண்டாக எம் ஓய்வு நேரத்தை எல்லாம் விழுங்கிய ஒரு பொருளைப் பற்றிப் பேசத் துணிந்தோம். ஒரு பழைய மோட்டார் வண்டியின் பிரேக்கு உறுப்புகள், தொழிற்சாலையை விட்டு வெளிவந்த அன்று என்ன நிறத்தில் இருந்தன என்பதே அப்பொருள்.

சிலர் முகத்தில் புன்முறுவல் தோன்றுகிறது. சக்கரத்துக்குள் மறைந்து கிடக்கும் இரும்புக்கு நிறம் எதுவாக இருந்தால் என்ன என்று எண்ணுகிறீர்கள். யாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆனால் எம் தொழிலே அவ்வெண்ணம் தவறு என்று எமக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஒக்கலிபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள நிலையத்துக்குச் சென்று, நிற்கும் வண்டியின் கடைசிப் பெட்டியைப் பாருங்கள். இரண்டு இரப்பர்க் குழாய்கள் தொங்கும். ஒன்றன் முனையில் பச்சைப் பூச்சு. மற்றொன்றன் முனையில் வெள்ளை. பச்சை பூசியது பிரேக்குக் குழாய். அதில் 5 கிலோ அழுத்தத்தில் காற்று நிற்கும். வெள்ளை பூசியது ஊட்டுக் குழாய். அதில் 6 கிலோ. நள்ளிரவில், மழையில், கைவிளக்கின் ஒளியில் பெட்டிகளை இணைக்கும் தொழிலாளியின் கை மாறிவிடலாகாது என்பதற்காக ஏற்பட்ட நிறங்கள் அவை. அழகு கருதி யாரேனும் இரண்டையும் நீலமாக்கினால் என்ன நேரும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வண்டியின் வரலாற்றைச் சிறிது சொல்கிறோம். அது எம் தாய்மாமனுடையது. சென்னைக்கு அருகில் வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தார் 1961 முதல் கட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு வகையைச் சேர்ந்தது, 1967இல் பிறந்தது. இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் ஓடிய வண்டியே இங்கு அப்பெயர் பெற்றது. அதன் உருவத்தை வரைந்தவர் மிக்கெலொட்டி என்னும் இத்தாலியர். அம்பாசிடரும் பியட்டும் பருத்த உடலோடு சென்ற வீதிகளில், இவ்வண்டி ஒல்லியான மாணவனைப் போல் துள்ளிச் செல்லும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். ஒக்கலிபுரத்துச் சந்துகளை அறிந்தவர்களுக்கு அதன் அருமை விளங்கும். எம் மாமா அதனை 1974இல் இரண்டாங் கையாக வாங்கினார். எம் திருமணத்துக்கு முன் பெண் பார்க்க வாணியம்பாடி சென்றதும் அவ்வண்டியில்தான். மாமா மறைந்தபின் அது பன்னீராண்டுகள் ஒரு தகரக் கொட்டகையில் உறங்கிற்று.

2021ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நடுவண் அரசு ஒரு விதி கொணர்ந்தது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்த, முதல் உருவத்தை இழக்காத வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகள் என்று தனியே பதிவு செய்யலாம். எண் பலகையில் 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் இடம்பெறும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். இதனை அறிந்த எம் மைத்துனர், அதாவது மாமாவின் மகன், தந்தையின் வண்டியை எழுப்பிவிடுவது என்று உறுதி கொண்டார். பேத்தியின் திருமணத்துக்கு அவ்வண்டியில்தான் செல்வேன் என்று அத்தை சொல்லியிருந்ததும் ஒரு காரணம்.

மைத்துனருக்கு ஆர்வம் மிகுதி. பொறுமை சிறிது குறைவு. அவர் முன்னிலையிலும் இதனைச் சொல்லலாம், கோபிக்க மாட்டார். இடப்பக்கத்துச் சக்கரங்களைக் கழற்றிய அன்றே, துருவேறிய உறுப்புகளைக் கண்டு மனம் வெதும்பி, ஸ்பிரிங்குகள், கொளுவிகள், திருகுகள் ஆகிய அனைத்தையும் முலாம் பட்டறை ஒன்றில் கொடுத்துக் கண்ணாடி போல் குரோமியம் பூசிவிட்டார். டிரம்முக்குச் சிவப்பு, பின் தட்டுக்கு வெள்ளிப் பூச்சு. வலப்பக்கத்துக்கும் அவ்வாறே செய்யக் கையில் பணம் இல்லாமையால் அது அப்படியே நின்றது. பணம் இல்லாமையால் விளைந்த நன்மைகளுள் இதுவும் ஒன்று.

மூன்றாம் வாரம் ஒரு மாலைப் பொழுதில் அவர் அத்தையை அமர்த்திக்கொண்டு இரயில் பாலத்தடியில் வந்துகொண்டிருந்தபோது தீய்ந்த நாற்றம் எழுந்தது. பின் இடச் சக்கரத்திலிருந்து புகை. வண்டியை ஓரங்கட்டி, அத்தையை இறக்கி, எமக்குத் தொலைபேசியில் சொன்னார். யாம் ஓடினோம். டிரம்மின் அருகே கை வைக்க இயலவில்லை. அத்தை சாலையோரத்தில் ஒரு கடைப் பலகையில் அமர்ந்து, "உங்கள் மாமா ஓட்டியவரை இப்படி ஒருநாளும் ஆனதில்லை" என்றார்கள். அந்தச் சொல்தான் எம்மை இவ்வாராய்ச்சியில் இழுத்துவிட்டது.

மறுநாள் ஒக்கலிபுரத்து மேஸ்திரி ஒருவர் டிரம்மைக் கழற்றினார். பிரேக்கு ஷூக்களை உள்ளிழுத்து வைக்கும் ஸ்பிரிங்கு, கொக்கியின் வளைவில் ஒடிந்து கிடந்தது. ஷூ திரும்பி வராமல் டிரம்மோடு உராய்ந்துகொண்டே வந்திருக்கிறது. மேஸ்திரி ஒடிந்த முனையை வெயிலில் காட்டி, "ஐயா, பழசாகி அறுந்தால் நீண்டு இளைத்து அறும். இது வளையல் ஒடிந்தாற்போல் ஒடிந்திருக்கிறது. முலாம் தின்றிருக்கிறது" என்றார்.

அவர் கையால் அறிந்ததை யாம் பின்னர் நூலால் அறிந்தோம். முலாம் இடுமுன் இரும்பை அமிலத்தில் நனைப்பார்கள். பின்பு மின்சாரம் பாய்ச்சுவார்கள். இரண்டு வேளையிலும் ஹைட்ரஜன் பிறக்கிறது. அது இரும்பினுள் புகுந்து தங்கிவிடுகிறது. மெல்லிரும்பை அது அவ்வளவாக வருத்துவதில்லை. கடினமேற்றிய எஃகையோ உள்ளிருந்தே நொறுங்கச் செய்கிறது. அதுவும் உடனே அன்று, சுமை தாங்கிச் சில நாள் சென்றபின், முன்னறிவிப்பு யாதுமின்றி. 1875இலேயே ஜான்சன் என்னும் ஆங்கிலேயர் அமிலம் பட்ட இரும்பு ஒடிவதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மாற்று வழியும் உண்டு: முலாமிட்ட சில மணி நேரத்துக்குள் உறுப்பை ஏறத்தாழ 200 டிகிரி வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். பளபளப்பு மட்டும் வேண்டி வருவோர்க்கு அதைச் செய்வார் யார்? கேட்பார்தாம் யார்?

ஆகவே, "வண்டியைச் செய்தவர்கள் இந்த ஸ்பிரிங்குக்கு என்ன பூசினார்கள்?" என்ற கேள்வி எழுந்தது. அதனைத் தொடர்ந்து ஒவ்வோர் உறுப்புக்கும் அக்கேள்வி எழுந்தது. தீண்டப்படாத வலப்பக்கம் எங்களுக்குச் சாட்சியாக நின்றது.

முதற்கண் ஓர் எச்சரிக்கை. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். அத்தூளைக் காற்றால் ஊதுவதும் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுவதும் நுரையீரலுக்குக் கேடு. யாம் நீர் தெளித்து நனைத்தே துடைத்தோம். துடைக்குமுன் ஒவ்வொன்றையும் படம் எடுத்தோம். இஃது எம் எழுத்தர் புத்தி. மேஸ்திரி இதற்காக எம்மைப் பலமுறை கேலி செய்தார்.

சான்று எங்கே கிடைக்கும் என்பதை அவரே காட்டினார். வெயிலும் நீரும் வண்ணத் தூரிகையும் எட்டாத இடங்களைத் தேட வேண்டும்: இரண்டு உறுப்புகள் முகத்தோடு முகம் பொருந்தும் இடம், திருகின் தலைக்கடி, கவ்வியின் உட்புறம். பின் தட்டிலிருந்து பிரேக்கைச் சரிசெய்யும் சதுரத் தலைத் திருகின் இருக்கையைக் கழற்றியபோது, அதன் அடியில் அரையணா அளவு ஒரு பகுதி வண்டலூரில் மூடியது மூடியபடியே இருந்தது. (அரையணாவை இளைஞர்கள் கண்டிருக்க மாட்டார்கள். யாமும் எம் தந்தையாரின் பெட்டியில்தான் கண்டோம்.) மெல்லிய கறுப்பு, எண்ணெய் தடவியதுபோல் அடங்கிய ஒளி. பளபளப்பு இல்லை.

அது போதாது என்று, தட்டின் வெளிப்புறத்தில் நீர் தொட்ட நுண்ணிய உப்புத்தாளால் ஒரு சிறு வட்டமாகத் தேய்த்தோம். நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலாகவும் தேய்த்தால், வெட்டிய மரத்தில் ஆண்டு வளையம் தெரிவதுபோல் பூச்சுகள் வளையம் வளையமாகத் தெரியும். மேலே தடித்த கறுப்பு, தூரிகையின் கோடுகளோடு. அதனடியில் செங்காவிப் பூச்சு. அதனடியில் மெல்லிய கறுப்பு. அதற்கும் அடியில் சாம்பல் நிறம். இதனைப் படிப்பது எவ்வாறு? தான் பூசிய கறுப்பின் மேல் எந்தத் தொழிற்சாலையும் செங்காவி பூசி மீண்டும் கறுப்புத் தீட்டாது. ஆகவே மேலிரண்டும் ஏதோ ஒரு பட்டறையின் வேலை. மெல்லிய கறுப்பு, இருக்கைக்கடியில் கண்ட கறுப்போடு ஒத்தது. அதுவே பிறவி நிறம். அடியிலிருந்த சாம்பல் பூச்சு அன்று. இரும்பையே பாஸ்பேட்டுக் கரைசலில் நனைத்துப் பெற்ற தோல் என்று கொண்டோம். காஸ்லெட் என்பார் 1906இல் இங்கிலாந்தில் உரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்தது அவ்வித்தை. அத்தோல் எண்ணெயையும் வண்ணத்தையும் பற்றிக்கொள்ளும். துருவைத் தள்ளி நிறுத்தும்.

டிரம்மின் செய்தி சுருக்கமானது. சக்கரமும் டிரம்மும் பொருந்தும் முகத்தில் பூச்சின் சுவடே இல்லை. இருக்கவும் கூடாது. அவ்விடத்தில் தடித்த வண்ணம் இருந்தால், நாளடைவில் அது நசுங்கி, முடுக்கிய நட்டுகள் தளரும். மைத்துனர் ஆசையோடு தீட்டிய சிவப்பை யாமே சுரண்டி எடுத்தோம்.

மாஸ்டர் சிலிண்டரைக் கறுப்பாக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். ஒரு மூடிப் பிரேக் ஆயிலை ஒரு பழைய தகரத்தின் வண்ணத்தின் மேல் ஊற்றி மறுநாள் பார்க்கச் சொன்னோம். வண்ணம் தோல் உரிந்து சுருண்டிருந்தது. இவ்வகை ஆயில் வண்ணத்தைக் கரைக்கும் இயல்புடையது. அது ததும்பி வழியும் இடத்தில் நிலைக்காத ஒன்றை ஏன் தீட்ட வேண்டும்? வாதம் முடிந்தது.

ஸ்பிரிங்குகளுக்கு வருவோம். வலப்பக்கத்து ஸ்பிரிங்கில் குரோமியமும் இல்லை, நிக்கலும் இல்லை. கறுத்த எஃகு, மேலே எண்ணெய்ப் பிசுக்கு. ஆனால் பிசுக்கைத் துணியால் ஒற்றி எடுத்தபோது, நடுச்சுற்றுகள் இரண்டில் நீல வண்ணத்தின் சுவடு தெரிந்தது. எம் மகிழ்ச்சியை என்னென்று உரைப்போம்! பிரேக்கு செய்வோர் பலர், பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றி வலிமையில் வேறுபடும் ஸ்பிரிங்குகளைப் பிரித்தறிய வண்ணப் பொட்டு இடும் வழக்கம் உடையவர்கள். இரயிலின் பச்சைக் குழாயும் வெள்ளைக் குழாயும் இங்கேயும் வந்துவிட்டன! இடப்பக்கத்து ஸ்பிரிங்கில் அப்பொட்டு முலாம் பட்டறையின் அமிலத் தொட்டியில் கரைந்து போயிற்று. ஜே.சி. சாலையில் நான்கு சனிக்கிழமைகள் அலைந்தோம். எழுத்தழிந்த ஒரு பழைய பெட்டியில், கம்பியின் பருமனும் சுற்றின் எண்ணிக்கையும் நீளமும் ஒத்த, நீலப் பொட்டு இட்ட இணை ஒன்று கிடைத்தது. அளந்து பார்க்காமல் பொட்டை மட்டும் நம்பி வாங்கியிருந்தால் அதுவும் மூடத்தனமே ஆகும்.

நூல்கள் உதவவில்லையா என்று கேட்பீர்கள். ஓரளவே உதவின. பழைய பழுது பார்ப்பு நூலின் படங்கள் கறுப்பு வெள்ளை. படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று உறுப்புக்குச் சாம்பல் வண்ணம் தீட்டி எடுப்பதும் உண்டு. பெட்டியில் உறங்கும் புதுச் சரக்கும் முழுச் சான்று அன்று. பின்னாளில் செய்து விற்ற உதிரிக்கும், வண்டி கட்டும்போது பூட்டிய உறுப்புக்கும் பூச்சு வேறுபடலாம்.

வண்டலூரில் பணியாற்றிய முதியவர் ஒருவரைச் சென்னையில் கண்டோம். "எல்லாம் கறுப்புத்தான் தம்பி" என்றார் எடுத்த எடுப்பில். திருகுகளை அவர் கையில் வைத்தபோது நெடுநேரம் பார்த்தார். பின்பு, "பிரேக்குச் சாமான் எங்களிடம் வரும்போதே நிறத்தோடு வரும். நாங்கள் முடுக்கினோம், பூசவில்லை" என்றார். எம் ஆராய்ச்சியில் இதனினும் பயன்பட்ட வாக்கியம் வேறில்லை. யாம் அதுவரை வண்டி செய்தவரையே கேட்டுக்கொண்டிருந்தோம். கேட்க வேண்டியது பிரேக்கு செய்தவரை. ஹெரால்டுக்கு உரியது இங்கிலாந்தின் கர்லிங் பிரேக்கு. 1962இல் கர்லிங்கின் கூட்டுறவோடு டி.வி.எஸ். குழுமத்தார் சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கினர். கடல் கடந்து வந்த சரக்கு, நம் நாட்டில் செய்த சரக்கு ஆகிய இரண்டும் புழங்கிய காலம் அது. இறக்குமதி உரிமத்துக்கு நடையாய் நடந்த அந்நாளில், கிடைத்ததைப் பூட்டி வண்டியை அனுப்பியிருப்பார்கள் என்பதில் வியப்பில்லை.

இவ்வாறு எண்ணியபின்தான் திருகுகளின் புதிர் எமக்குச் சிறிது இளகிற்று. வலப்பக்கத்தில் இரண்டு திருகுகள் பொன்மஞ்சள் சாயல், ஒன்று வெள்ளை. எது சரி? இரண்டும் சரியாக இருக்கலாம். பின்னால் யாரோ ஒன்றை மாற்றியும் இருக்கலாம். இதற்கு மேல் ஒரு முடிவு சொன்னால் அது பொய் ஆகும். மைத்துனருக்கு இம்முடிவு பிடிக்கவில்லை. "கண்காட்சியில் மதிப்பெண் குறைத்துவிட்டால்?" என்றார். "குறைக்கட்டும்" என்றோம்.

அம்மஞ்சள் சாயல் பற்றி மேலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்நாளில் அத்தகைய சாயல் காட்மியம் முலாத்தின் மீதும் வரும். துத்தநாக முலாத்தின் மீதும் வரும். கண்ணால் பிரித்தறிவது அரிது. எக்ஸ் கதிர்க் கருவியால் அறியலாம். காட்மியமோ கொடிய நஞ்சு. ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் பக்கத்து மக்கள், சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் கலந்த நீராலும் அரிசியாலும் எலும்பு நொந்து அலறிய நோய்க்கு அதுவே காரணம் என்று 1968இல் அந்நாட்டு அரசு ஒப்புக்கொண்டது. ஐரோப்பியர் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி புது மோட்டார்களில் அதனை விலக்கினர். பழைய மஞ்சள் சாயலைத் தந்த குரோமிய உப்பையும் விலக்கினர். முலாம் தொட்டிகளில் கை நனைப்பவர் யார்? நம் வீட்டுப் பிள்ளைகளைப் போன்ற பிள்ளைகளே. பழைய நிறம் கிடைக்க வேண்டும் என்பதற்காக அந்நஞ்சைத் தேடிப் போக எமக்கு மனம் இல்லை. துத்தநாகமும், அதன்மேல் தீங்கு குறைந்த புதுச் சாயமும் கொண்டோம். பழைய மஞ்சளில் வானவில் மின்னும். இதில் அவ்வளவு மின்னவில்லை. போகட்டும்.

பிரேக்கு ஆயில் செல்லும் குழாய்களிலும் பழமையைக் கைவிட்டோம். முதலில் இருந்தது பண்டிக் குழாய் என்று தொழிலாளர் வழங்கும் எஃகுக் குழாய். அஃது உள்ளும் புறமும் அரித்திருந்தது. செம்பும் நிக்கலும் கலந்த குழாயைப் பூட்டினோம். நிறம் செம்மை, பிறவி நிறம் அன்று என்பது பார்த்தவுடன் தெரியும். தெரியட்டும். அத்தை அமர்ந்து செல்லும் வண்டி அது.

இவை அனைத்தையும் யாம் ஒரு பேரேட்டில் எழுதி வைத்திருக்கிறோம். உறுப்பு, கண்ட நிறம், கண்ட இடம், செய்தது, ஏன் செய்தோம் என்று ஐந்து பத்திகள். பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு ஒன்று 1966இல் தோன்றியது. அது 2012இல் டூரின் நகரின் பெயரால் ஒரு சாசனம் ஏற்றது. செய்த மாற்றத்தை மறைக்காமல் எழுதி வைக்க வேண்டும் என்பது அச்சாசனத்தின் கூறுகளில் ஒன்று. அதனைப் படித்தபோது, "இதைத்தானே இருபது ஆண்டுகளாகப் பண்டகசாலையில் செய்து வருகிறோம்!" என்று எம் இல்லத்தாரிடம் பெருமையோடு சொன்னோம். "அப்படியானால் முற்றத்தில் கிடக்கும் இரும்பை எல்லாம் பண்டகசாலைக்கே கொண்டுபோங்கள்" என்பது விடையாக வந்தது.

வலப்பக்கத்துப் பின் தட்டில், சதுரத் திருகின் இருக்கைக்கடியில் உள்ள அரையணா அளவுப் பகுதியை மட்டும் யாம் தீண்டவில்லை. தட்டு முழுவதும் புதுக் கறுப்பு, அவ்விடம் பழங்கறுப்பு. மேஸ்திரி அதன்மேல் இருக்கையை வைத்து முடுக்கிவிட்டார். மீண்டும் கழற்றுவார் கண்ணில்தான் அது படும்.

பேத்தியின் திருமணம் சென்ற தை மாதம் நடந்தது. அத்தை அவ்வண்டியில்தான் சென்றார்கள். இன்றும் அதிலேயே வந்திருக்கிறார்கள், முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். வண்டி வாயிலின் இடப்புறம், வேப்பமரத்தடியில் நிற்கிறது. உணவு முடிந்தபின் பார்க்க விரும்புவோர் வரலாம். முன்மூடி முழுவதையும் முன்புறமாகச் சாய்த்துக் காட்ட மைத்துனர் இசைந்திருக்கிறார். பூச்சு இன்னும் முற்றாக இறுகவில்லை. சிறுவர்கள் கை வைக்காமல் பெற்றோர் பார்த்துக்கொள்க.